நான்கு பேர் வேலை, ஒரே உடம்பு

ஊட்டி வட்டாரத்தில், மலைச்சரிவுகளுக்கு நடுவே, கோத்தர்களின் கொல்லிமலைக் கிராமம் இருக்கிறது. மார்கழி, தை ஒட்டி அங்கே தெய்வத் திருவிழா நடக்கும் நாட்களில் மேளக்காரர்கள் தோல் முழவுகளை நெருப்பருகே காட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குவார்கள். ‘கொள்’ என்கிற குழல், வளைந்த கொம்பு, உருளை வடிவத்தில் பெரிதும் சிறிதுமாக முழவுகள், கூடவே தப்பட்டை. முழவுக்காரர் ஒருவர் அடிப்பதைத் தனியே பிரித்துக் கேட்டால் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்காது. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பும்போதுதான் ஆட்டக்காரர்களின் கால் அசையத் தொடங்கும்.

டிரம்ஸ் செட்டின் முன் உட்காருகிறவர் இந்த வேலை முழுவதையும் ஒற்றை உடம்பில் ஏற்றுக்கொள்கிறார். வலக்கை ஹை-ஹாட் எனும் ஜோடிச் சிம்பலில், இடக்கை ஸ்னேர் எனும் சிறு முரசில், வலக்கால் பெரிய முரசை அடிக்கும் கிக் பெடலில், இடக்கால் ஹை-ஹாட் பெடலில். நான்கும் நான்கு வேலை செய்ய வேண்டும். செய்தால் மட்டும் போதாது, ஒவ்வொன்றும் அதற்குரிய சத்தத்தில் செய்ய வேண்டும். இந்த இரண்டையும், அதாவது உறுப்புகளின் ஒத்திசைவையும் ஒலியளவின் மீதான பிடியையும், எப்படிப் பழகுவது என்பது நூறாண்டுக்கு மேலாகப் பேசப்பட்டு வரும் கேள்வி. முதல் பாதிக்கு நிறையப் பேர் நிறைய விடை சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் பாதி பெரும்பாலான வகுப்பறைகளில் கடைசிப் பாடமாக ஒதுக்கப்படுகிறது. குறை இருப்பது அங்கேதான்.

டிரம்ஸ் செட் பிறந்த கதையே ஆள்குறைப்புக் கதைதான். 19ஆம் நூற்றாண்டின் பித்தளை வாத்தியக் குழுக்களில் பெரிய முரசுக்கு ஓர் ஆள், ஸ்னேருக்கு ஓர் ஆள், கைத்தாளத்துக்கு ஓர் ஆள் என்றிருந்தது. நாடக அரங்கிலும் நடனக் கூடத்திலும் இடமும் பணமும் குறைவு. ஒரே ஆள் பெரிய முரசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே ஜோடிக் குச்சியால் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துச் சமாளித்தார். 1909இல் அமெரிக்காவில் வில்லியம் லுட்விக் கொண்டுவந்த வேகமான கால் பெடல் கைகளை விடுவித்தது. 1920களில் இடக்காலுக்கும் ஒரு ஜோடிச் சிம்பல் வந்து சேர்ந்து, பின்னர் ஹை-ஹாட்டாக உயர்ந்து நின்றது. ஆக, ‘குரூவ்’ என்று இன்று சொல்லப்படும் சுழல் தாளக்கோர்வை, பல பேர் சேர்ந்து வாசித்ததன் சுருக்கம். அதைப் பழகுகிறவர் தன் கைகால்களுக்குள் ஒரு குழுவைக் கட்ட வேண்டியிருக்கிறது.

ஆளுக்கொரு முரசு என்ற பழைய ஏற்பாடு நீலகிரியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரின் ராணுவ பேண்ட் உண்டு. 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளியின் அணிவகுப்பு மரபும் ராணுவத்திலிருந்து வந்ததே. ஸ்னேர் குச்சிப் பயிற்சியின் வேர் இந்த அணிவகுப்பு முரசில் இருக்கிறது. ‘ருடிமென்ட்’ எனப்படும் அடிப்படைக் கோர்வைகளை அமெரிக்க முரசுக்காரர்கள் 1933இல் கூடி முதலில் 13 என்று வகுத்தார்கள். 1984இல் உலகளவில் வெளியிடப்பட்ட பட்டியலில் அவை 40 ஆயின. ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் 1935இல் எழுதிய ‘ஸ்டிக் கன்ட்ரோல்’ இன்றும் ஆசிரியர்களின் மேசையில் கிடக்கும் புத்தகம். வலம், இடம் என்ற இரண்டே எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரியையும் நிறுத்தாமல் 20 முறை அடிக்கச் சொல்கிறது. அதன் நோக்கம் இரண்டு கையும் ஒன்றுபோல் ஒலிக்க வேண்டும் என்பது. ஸ்டோனின் பக்கங்களை மாதக்கணக்கில் பழகிய மாணவர் செட்டில் உட்கார்ந்ததும் திணறுவதைப் பல ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள். அணிவகுப்பு முரசில் இரண்டு கையும் சமமாக வேண்டும். செட்டில் அவை சமமாக இருக்கவே கூடாது.

உடம்பு இதை ஏன் எதிர்க்கிறது என்பதற்கு அறிவியலில் ஒரு பழைய, எளிய சோதனை இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் ஆட்களின் இரு சுட்டுவிரல்களையும் ஆட்டச் சொன்னார். இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே வெளியே போவது எளிது. ஒன்று உள்ளே போகும்போது மற்றது வெளியே வருவதும் மெதுவாக முடியும். வேகம் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் விரல்கள் தாமாகவே முதல் முறைக்குத் தாவிவிடுகின்றன. விருப்பம் இல்லாமலே நடக்கும் தாவல் இது. கைகால்கள் தனித்தனி ஆட்களைப் போல இயங்குவதில்லை, ஒன்றை ஒன்று இழுக்கின்றன. பெடலில் கிக் விழும் இடத்தில் வலக்கையும் கூடுதலாக அழுந்துவதும், ஸ்னேரில் பலத்த அடி விழும்போது ஹை-ஹாட்டும் சேர்ந்து அலறுவதும் இதன் விளைவுகள்தாம். மெதுவாகப் பழகு என்று எல்லா ஆசிரியரும் சொல்வதற்கு அடிப்படையும் இங்கேயே கிடைக்கிறது. தாவல் நேரும் வேகத்துக்குக் கீழே நின்று பழகினால்தான் கை புதிய வழியைக் கற்கும். அதற்கு மேலே பழகினால் தாவலையே கற்கும்.

ஜெர்மனியின் போஹும் நகர ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். சராசரியாக 17 ஆண்டு வாசித்த 20 தொழில்முறை டிரம்மர்களின் மூளையை, இசை பழகாத 24 பேரின் மூளையோடு ஒப்பிட்டார்கள். இடது வலது மூளைப் பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலத்தின் முன்பகுதியில் டிரம்மர்களுக்கு இழைகள் எண்ணிக்கையில் குறைவு, பருமனில் அதிகம் என்று அளவீடுகள் காட்டின. வாசித்து வாசித்து மூளை இப்படி ஆனதா, அல்லது இப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தாம் 17 ஆண்டு தாக்குப்பிடித்தார்களா என்பதை ஒரே நேரத்தில் எடுத்த ஒப்பீட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. செய்தித்தாள்கள் அந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

புத்தகங்களில் திருப்புமுனை 1948. ஜாஸ் டிரம்மர் ஜிம் சாப்பின் அந்த ஆண்டு வெளியிட்ட நூலில், வலக்கை ரைடு சிம்பலில் மாறாத ஒரு சுழலை அடித்துக்கொண்டிருக்கும். இடக்கை அதன் மேல் பக்கம் பக்கமாக வெவ்வேறு கோர்வைகளை ஏற்றிக்கொண்டே போகும். பிறகு கால்களுக்கும் அதே சோதனை. 1958இல் டெட் ரீட் எழுதிய ‘சின்கோபேஷன்’ இன்னும் சுவாரசியமான விதி கொண்டது. புத்தகத்தில் இருப்பதென்னவோ ஒற்றை வரிக் கோர்வைகள்தாம். ஆசிரியர்கள் அதை எடுத்து, இந்த வரியைக் காலில் வாசி, கைகள் வேறு வேலை பார்க்கட்டும் என்று நூற்றுக்கணக்கான வழிகளில் திருப்பிப் பயன்படுத்தினார்கள். நியூயார்க் ஸ்டூடியோக்களில் வாசித்த கேரி செஸ்டர் 1985இல் ‘த நியூ பிரீட்’ நூலில் ஒரு கூடுதல் கண்டிப்பு வைத்தார். கைகால் நான்கும் வாசிக்கும்போது, அவற்றில் ஒன்றின் பகுதியை வாயால் உரக்கப் பாட வேண்டும். பிறகு அடுத்த உறுப்பின் பகுதியை. நான்கு உறுப்பையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது, ஆனால் கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தப் பழகலாம் என்பதே அதன் உட்பொருள்.

தமிழ்நாட்டு மிருதங்க மாணவருக்கு இது புதிய செய்தி அல்ல. கையால் வாசிப்பதை முதலில் வாயால் சொல்லிப் பழகுவதுதான் இங்கே பாடமுறை. ஒரு சொற்கட்டை மூன்று காலத்திலும் தாளம் போட்டுச் சொல்ல முடியாதவரைக் கருவியில் கைவைக்க விடாத ஆசான்கள் இருக்கிறார்கள். ஜர்னி குழுவில் வாசித்துப் புகழ்பெற்ற ஸ்டீவ் ஸ்மித் போன்ற மேற்கத்திய டிரம்மர்கள் இப்படி வாயால் சொல்லும் கொன்னக்கோலைத் தேடிக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் அதன் கவர்ச்சி மட்டுமல்ல, நாக்கில் ஏறிய கணக்கு கைகாலை வழிநடத்தும் என்பதும்தான்.

ஆகவே ஒரு குரூவை அந்த மொழியிலேயே பிரித்துப் பார்க்கலாம். நான்கு எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் ‘தகதிமி’. மொத்தம் 16 சொல். வலக்கை ஒவ்வொரு ‘த’விலும் ‘தி’யிலும் ஹை-ஹாட்டில் விழுகிறது. கிக் முதல் எண்ணிக்கையின் ‘த’விலும், மூன்றாவதின் ‘தி’யிலும். ஸ்னேரில் பலத்த அடி இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளின் ‘த’வில். இதுவரை இரண்டு வாரத்தில் யாருக்கும் வந்துவிடும். இப்போது இடக்கைக்கு இரண்டு மெல்லிய அடிகளைக் கூட்ட வேண்டும். இரண்டாவதின் ‘மி’யில் ஒன்று, மூன்றாவதின் ‘க’வில் ஒன்று. இவைதாம் ‘கோஸ்ட் நோட்’. கேட்பவர் தனியே கவனிக்க மாட்டார், எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்பார்.

சிக்கல் எங்கே? இரண்டாவது ‘த’வில் குச்சி ஒரு அடி உயரத்திலிருந்து இறங்குகிறது. மூன்று சொல் தள்ளி, ‘மி’யில் அதே குச்சி ஓர் அங்குல உயரத்திலிருந்து விழ வேண்டும். நிமிடத்துக்கு 90 எண்ணிக்கை வேகத்தில் அந்த இடைவெளி அரை நொடி. பலத்த அடி முடிந்ததும் குச்சி தானாக மேலே எழும்பப் பார்க்கும். அதை எழவிடாமல் தோலுக்கு அருகே பிடித்து நிறுத்துவதுதான் முதல் வேலை. பிறகு ‘க’விலிருந்து நான்காவது ‘த’வுக்கு மறுபடியும் மூன்று சொல். அதற்குள் குச்சியைச் சத்தமில்லாமல் ஒரு அடி உயர்த்தியாக வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் நடக்கும்போது ஹை-ஹாட்டில் வலக்கை எதுவும் நடக்காததுபோல் போய்க்கொண்டிருக்க வேண்டும். நடக்காது. முதல் சில வாரம் இடக்கை மெல்லிதாகும்போது வலக்கையும் சேர்ந்து மெல்லிதாகும், மூன்றாவதின் ‘தி’யில் கிக்கோடு சேர்ந்து துள்ளும்.

குச்சியின் உயரமே ஒலியளவு. இந்த ஒரு வரியை விளங்கிக்கொண்டவர் பாதி தூரம் கடந்துவிட்டார். சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்துக் கையை இறுக்கினால் தாளம் தடுமாறும். உயரத்தைக் குறைத்தால் சத்தம் தானே குறையும். டவர் ஆஃப் பவர் குழுவின் டேவிட் காரிபால்டி இதை இரண்டே தளமாகச் சுருக்கிப் பாடமாக்கினார். அழுத்தமான அடிகள் எல்லாம் மேல்தளம், மற்றவை எல்லாம் கீழ்த்தளம், நடுவில் எதுவும் கிடையாது. வாத்தியம் பழகுகிறவர்களுக்குப் பொதுவாக உள்ள நோய் எல்லாவற்றையும் நடுத்தரமாக வாசிப்பது. அதற்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

மெல்லிய அடி என்ன செய்யும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1969 நவம்பரில் ஜேம்ஸ் பிரவுன் குழுவுக்காக கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு ‘ஃபங்கி டிரம்மர்’ பாடலில் வாசித்த சில நொடித் தனிவாசிப்பை ஹிப்-ஹாப் தலைமுறை மீண்டும் மீண்டும் வெட்டி எடுத்துப் பயன்படுத்தியது. அதில் உரத்த அடிகளை மட்டும் எழுதிக் கொடுத்தால் பள்ளி மாணவரும் வாசிப்பார். அதற்கு உயிர் கொடுப்பது அவற்றின் இடையே முணுமுணுக்கும் ஸ்னேர். 1982இல் வந்த டோட்டோ குழுவின் ‘ரோசன்னா’வில் ஜெஃப் போர்க்காரோ வாசித்த ஷஃபிளும் அந்த வகை. பெர்னார்டு பர்டி, ஜான் போனம் என்ற டிரம்மர்களிடமிருந்து எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அதே போர்க்காரோவின் ஹை-ஹாட்டை 2015இல் இயற்பியலாளர்கள் அளந்தார்கள். மைக்கேல் மெக்டொனால்டின் 1982 பாடல் ஒன்றில் அவர் ஒற்றைக் கையால் விடாமல் வாசித்த அடிகள். அவற்றின் இடைவெளியிலும் ஒலியளவிலும் இருந்த நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் தாறுமாறானவை அல்ல என்று தெரிந்தது. இப்போது நேரும் சிறு விலகல் வெகுநேரம் கழித்து வரும் அடிகளோடும் தொடர்புடையதாக இருந்தது. ஒலியளவுக் கட்டுப்பாடு என்றால் எல்லா அடியையும் ஒரே மட்டத்தில் வார்ப்பது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில். சமமாக வாசிக்கும் திறமை தேவை. அது வந்த பிறகு எங்கே சமம் குலைய வேண்டும் என்று தீர்மானிப்பவரே டிரம்மர்.

கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் காலை மறந்துவிடுவோம். எல்லா உறுப்பிலும் மெல்லிதாக வாசிக்கக் கடைசியில் கற்றுக்கொள்வது வலக்கால்தான். குதிகாலைத் தூக்கி வாசித்தால் தொடையின் எடை முழுவதும் பெடலில் இறங்கும், சத்தம் கிடைக்கும், குறைக்க வராது. குதிகாலைப் பெடலில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் வாசித்தால் மெல்லிய அடி எளிது, ஆனால் கெண்டைக்கால் முன்பக்கம் வலிக்கும். பழைய ஜாஸ் டிரம்மர்கள் நான்கு எண்ணிக்கையிலும் கிக்கைக் கேட்டும் கேட்காமலும் தொட்டுக்கொண்டே போவார்கள். ராக் மட்டும் கேட்டு வளர்ந்த மாணவர்களுக்கு இதைப் பத்து நிமிடம் பழகச் சொன்னால் தண்டனை போலத் தோன்றும். அந்தப் பத்து நிமிடம் தினமும் வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து செட்டுக்கு வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. பறையில் இடக்கையில் நீண்டு மெலிந்த சிம்புக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் எடையிலும் வேலையிலும் வேறு. தவிலில் ஒரு கை குச்சி பிடிக்கும், மற்ற கை விரல்களில் கூடு மாட்டியிருக்கும். மிருதங்கத்தில் தொப்பியின் கும்கியும் வலந்தலையின் சாப்பும் ஒரே தரத்தில் ஒலிப்பதே இல்லை. சமமில்லாத கைகள் இங்கே இயல்பு. தேயிலைத் தோட்டத்திலும் அந்தக் கை உண்டு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி வந்து, 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் பின்னால் விட்டுவந்த மலைநாட்டு வாழ்வில் தப்புப் பறை விடியற்காலையில் ஆள் எழுப்பியது, காமன் கூத்துக்கும் முழங்கியது. இந்தக் கைகளுக்கு இல்லாதது கால் ஒன்றுதான். ஆதலால் பறை தெரிந்த ஒருவருக்கு ஸ்டோனின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது நேர விரயம். அவருக்குக் காலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒலியளவின் மீதான பிடிக்குத் தமிழ்நாட்டில் தெரிந்த எடுத்துக்காட்டு சிவமணி. அப்பா ஆனந்தன் சென்னைத் திரையிசையில் டிரம்மர். டிரம்மர்களான நோயல் கிராண்டையும் பில்லி கோபாமையும் தன் வழிகாட்டிகளாகச் சொன்ன சிவமணி, செட்டோடு நிற்காமல் வாளி, பெட்டி, உடுக்கை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அரங்குக்குக் கொண்டுவந்தார். கூட்டம் கைதட்டுவது வேகத்துக்கு. கவனித்துப் பார்த்தால் அவருடைய பலம் ஒரு மெல்லிய ஒலிக்குப் பிறகு அரங்கமே காத்திருக்கும்படி நிறுத்தத் தெரிந்ததில் இருக்கிறது. இளையராஜா குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் எதிர்த்திசை. வயலின் கூட்டமும் பாடகரும் சேர்ந்தே ஒலிப்பதிவான காலத்தில், டிரம்மர் சத்தத்தைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம் என்ற வசதி பெரிதாக இல்லை. வாசிக்கும்போதே அளவோடு வாசிக்க வேண்டும்.

இன்றைய மாணவர்களை இழுப்பது தரத் தேர்வுகள். டிரினிட்டி, ராக்ஸ்கூல் ஆகிய லண்டன் நிறுவனங்களின் டிரம்ஸ் தேர்வுகள் தமிழ்நாட்டில் பரவலாக எழுதப்படுகின்றன. தேர்வுகளின் நன்மை, மாணவர் ஒரு பாடலை முழுதாக முடிக்கப் பழகுவது. கெடுதல், எட்டு மாதம் மூன்று பாடலையே வாசித்துத் தேறிவிட்டு, நான்காவது பாடலில் ஒரு கிக் இடம் மாறினால் விழிப்பது. ஒரு குரூவில் கிக்கை மட்டும் 16 சொல்லில் ஒவ்வொன்றாக நகர்த்தி வாசிக்கும் பழைய பயிற்சி இதற்கு மருந்து, ஆனால் தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை.

மலையில் பழகுவதற்குச் சொந்தச் சிக்கல்களும் உண்டு. ஈரத்தால் தோல் தளர்வதால்தான் கோத்தர்கள் நெருப்பைத் தேடுகிறார்கள். 1957 வாக்கில் பிளாஸ்டிக் தோல் வந்த பிறகு செட்டுக்கு அந்தக் கவலை போயிற்று, விரல்களுக்குப் போகவில்லை. குளிரில் விறைத்த கையால் ஓர் அங்குல உயரத்தைப் பிடிக்க முடியாது. முதல் கால் மணி நேரம் பேடில் மெதுவாகத் தட்டிச் சூடேற்றியே ஆக வேண்டும். அடுத்து, அண்டை வீடு. தோட்டத்து லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கும். ரப்பர் பேடும் துணி மூடிய ஸ்னேரும் வேறு வழியில்லாமல் வருகின்றன. இது சாபம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். மெதுவாகவும் மெல்லிதாகவும் மட்டுமே வாசிக்க முடிந்தவர், உரக்க வாசிக்கும் வசதி உள்ளவர் ஒருபோதும் தொடாத பாதியைத் தினமும் தொடுகிறார். உரக்க அடிப்பதைக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய ஹால் போதும்.

வசதி உள்ள வீடுகளில் இப்போது மின் டிரம்ஸ் வந்துவிட்டது. அதன் ஒரு நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஒவ்வொரு அடியின் பலத்தையும் அது 1 முதல் 127 வரை எண்ணாகப் பதிகிறது. கணினியில் விரித்துப் பார்த்தால், ஸ்னேர் அடியோடு சேர்ந்து ஹை-ஹாட் எத்தனை எண் துள்ளியது, ‘மி’யும் ‘க’வும் ஒரே மட்டத்தில் விழுந்தனவா என்பதெல்லாம் மறைக்க வழியில்லாமல் தெரியும். காது இரண்டு மாதத்தில் கண்டுபிடிப்பதைத் திரை இரண்டு நிமிடத்தில் காட்டிவிடும். கெடுதலும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. மிக மெல்லிய அடிகளை மலிவான கருவிகள் அடியாகவே எடுத்துக்கொள்வதில்லை, வலை போட்ட பேடின் எழுச்சி நிஜத் தோலின் எழுச்சியும் அல்ல. எல்லாவற்றையும்விட, ஹெட்ஃபோனுக்குள் ஹை-ஹாட்டின் சத்தத்தைத் திருகி இறக்கிவிட முடியும். ஐந்து நாள் அதில் பழகிவிட்டு ஆறாம் நாள் நிஜ செட்டில் உட்காருகிற மாணவருக்கு, பாட்டு தொடங்குவதற்கு முன்னால், ஸ்னேரையும் கிக்கையும் மூழ்கடிக்கும் ஹை-ஹாட்டைத் தன் வலக்கையாலேயே கீழே இறக்கும் வேலை காத்திருக்கும்.